ஐந்தாவது தாள்

என் அண்ணனின் மனைவி ஒரு கட்டிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடையின் பின்பக்க அறையில், பத்தடி நீள மேசைக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாக நின்றபடி துணி வெட்டுகிறார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டுதான் பேசுவார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும்மா, உக்காந்துட்டா அப்புறம் என்னைத் தூக்கிவிட ஒரு ஆள் வேணும்" என்பார். அண்ணன் உட்பட வீட்டில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். எனக்கு மட்டும் அண்ணி.

நான் நாத்தனார். நாத்தனார் என்றாலே ஒரு பெயர் உண்டு இல்லையா, அந்தப் பெயரைக் காப்பாற்ற இத்தனை வருஷத்தில் நானும் என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரை எல்லாம் என் கைப்பட எழுதுவதுதான். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த 'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறவர் அண்ணி.

அண்ணிக்கு இரண்டு பழக்கங்கள். ஆள் கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே எந்தத் தோள் ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் கண்ணை நம்பி ஒரு துணியை வெட்டியதில்லை. இஞ்ச் டேப் சொன்னால்தான் சரி. இரண்டாவது பழக்கம், எதை வெட்டினாலும் தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடுவது. எல்லா மாஸ்டரும் விடுவதுதான், ஆனால் அண்ணி அதை வாழ்க்கை முழுக்க விடுகிறவர். எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்குப் போய் நிற்பார். நான்கு பேர் சாப்பிட வந்தால் ஆறு பேருக்குச் சமைப்பார். அண்ணன் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத நாளே கிடையாது.

இந்த நடைப் பைத்தியம் ஒரு கையில்லாக் கோட்டில் ஆரம்பித்தது. மலை நடைச் சங்கம் என்று ஒன்று, வருஷா வருஷம் நாற்பது கோட்டுக்கு ஆர்டர் கொடுக்கும். மலை உச்சியிலிருந்து கடற்கரைக் கலங்கரை விளக்கம் வரை ஐந்து நாள் நடக்கிறவர்களுக்கானது. ஒரு தடவை கோட்டு வாங்க வந்த சங்கச் செயலாளர், கலங்கரை விளக்கத்தில் உள்ள பதிவேட்டைப் போட்டோவில் காட்டினார். தடித்த தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம். நடையை முடித்தவர்கள் மட்டும் அதில் பெயர் எழுதலாம். அன்றைக்கு இரவு அண்ணி எங்கள் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை.

"இருபத்தாறு வருஷத்துல எத்தனை ஆயிரம் பிள்ளைங்க காலர்ல பேர் ஒட்டியிருப்பேன். லேபிள்ல முதலாளி பேர். பாக்கெட்ல பள்ளிக்கூடத்துப் பேர். என் பேர் எங்கயாவது ஒரு மூலைல இருக்கா சொல்லு?"

நான் யோசித்துப் பார்த்தேன். ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, நல்லவேளை அடக்கிக்கொண்டேன். "அந்தப் புத்தகத்துல எழுதணும். நீ வர்றியா?" என்றார். வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

போன வருஷம் போனோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு இறக்கத்தில், நடந்துகொண்டே ஒரு பறவையைப் போட்டோ பிடிக்கப் போய்க் கணுக்காலை மடக்கிக்கொண்டு விழுந்தேன். பறவை போட்டோவிலும் விழவில்லை. அண்ணி என்னைத் தாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் கீழே இறங்கி, ஒரு காய்கறி வண்டியை நிறுத்தி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒரு வார்த்தை சொல்லாததுதான் வருஷம் முழுக்க என்னை அரித்தது.

அதற்கப்புறம் அவருடைய வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நின்று நின்று தேய்ந்துபோன மூட்டு. அடுத்த வருஷம் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதன் பிறகு மலையேறும் நினைப்பையே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப இந்த வருஷம் ஏறலாமா?" என்று அண்ணி கேட்ட கேள்வியில் டாக்டரே சிரித்துவிட்டாராம். ஏறுங்கள், ஆனால் பட்டை கட்டிக்கொண்டு ஏறுங்கள் என்று அனுப்பிவைத்தார். ஆக, இந்த வருஷம் விட்டால் இனி இல்லை. இது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அண்ணனுக்கும் தெரியும்.

சங்கத்தின் விதி சின்னதுதான். புறப்படும் இடத்தில் தேதி முத்திரை குத்திய ஒரு சீட்டு தருவார்கள். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்குள் அந்தச் சீட்டோடு கலங்கரை விளக்கத்துக் கதவைத் தாண்ட வேண்டும். ஆறு மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு வந்தால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், பேனா கிடைக்காது.

சங்கத்திலிருந்து வரைபடம் ஐந்து தாள்களாக இரவல் வாங்கி வந்தோம். ஒரு நாளுக்கு ஒரு தாள். இரண்டே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் என் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்தேன். அண்ணி அந்தப் பிரதிகளைக் கடை மேசையில் வரிசையாக விரித்து, இஞ்ச் டேப்பை நிறுத்திப் பிடித்து, பாதை வளைகிற இடமெல்லாம் டேப்பையும் வளைத்து அளந்தார். ஒரு இஞ்சுக்கு இரண்டு கிலோமீட்டர் என்று தாளின் அடியில் போட்டிருந்தது. ஐந்தாவது தாள் பன்னிரண்டே கால் இஞ்ச் வந்தது. இருபத்துநாலரை கிலோமீட்டர். "கடைசி நாள் லேசான நாள்" என்று சொல்லிச் சாக்பீஸால் மேசையிலேயே குறித்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல அதற்கும் தையலுக்கு விட்டார். அதாவது ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்றாலும் ஐந்தாம் நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். லேசான நாளுக்கு எதற்கு இருட்டில் எழுந்திருக்க வேண்டும் என்று நான் குதித்துப் பார்த்தேன். நடக்கவில்லை.

முதல் நான்கு நாளும் டேப் சொன்னபடியே போயிற்று. நான்காம் நாள் இரவு ஒரு தங்கும் குடிலில் மரப்பலகையில் படுத்தபோது எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்திருந்தது. எங்கேயும் விழவில்லை. போட்டோ பிடிப்பதை அடியோடு விட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் என் இடது குதிகாலில் சுரீர் என்றது. ஷூவுக்குள் ஏதோ கல் என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். கல் இல்லை, கொப்புளம். ஒரு நாணயம் அளவுக்கு. அண்ணி முன்னால் போய்க்கொண்டிருந்தார். போன வருஷம் கணுக்கால், இந்த வருஷம் குதிகாலா? இதைச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஷூவை மறுபடி மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினேன். இறுக்கிக் கட்டியது தப்பு என்று பிறகு தெரிந்தது.

ஒன்பது மணிக்குப் பைன் மரத் தோப்பைத் தாண்டினோம். அண்ணி தாளைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஊர்ந்துக்கிட்டு வர்றியா? இந்தத் தோப்பை ஏழரைக்குத் தாண்டியிருக்கணும்."

"நான் உங்க பின்னாலயேதானே வர்றேன் அண்ணி?"

"அதான் சொல்றேன். நீ பின்னால வர்றதால நானும் மெதுவா போறேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். காலை முழுக்க இதேதான். ஓடையை எட்டு மணிக்குத் தாண்டியிருக்க வேண்டும், பாறை வளைவை ஒன்பதுக்கு. எதுவும் தாள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பழி என் தலையில். நானும் குதிகாலை நினைத்துக்கொண்டு, என்னால்தான் தாமதம் என்றே நம்பிவிட்டேன். அண்ணி இளைப்பாற நிற்கும் இடத்திலும் உட்காரவில்லை, மரத்தில் சாய்ந்து அவித்த முட்டையை உரித்துத் தின்றார். அவர் உட்காராதபோது நான் மட்டும் எப்படி உட்கார்வது? நானும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு மரப்பாலம் வந்தது. பாலத்தின் தலைப்பில் ஒரு பலகை. அதில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது: கலங்கரை விளக்கம், 18 கி.மீ.

அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். தாளின்படி இந்தப் பாலத்திலிருந்து பன்னிரண்டரை கிலோமீட்டர்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

"பலகைல தப்பா எழுதியிருப்பாங்க" என்றேன்.

அண்ணி பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். ஐந்து நாளும் அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார், அதிலும் ஆச்சரியம் இல்லை. பாலத்தின் கைப்பிடியில் ஐந்தாவது தாளை வைத்து, அடியில் அளவுகோலுக்காக வரைந்திருந்த கோட்டின் மேல் டேப்பை வைத்தார். கோட்டுக்குக் கீழே ஐந்து இஞ்ச் என்று அச்சடித்திருந்தது. டேப் மூன்றரை இஞ்ச் என்றது.

அந்த மூன்றரையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான்கு தாள்கள் ஒரே அளவு. ஐந்தாவது மட்டும் பெரிய தாள், இரண்டு மடங்கு. என் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் ஃபைலுக்குள் அடங்க வேண்டும். பெரிதாக இருந்தால் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்துவேன், சின்னதாகி வெளியே வரும். இருபது வருஷமாக அழுத்தும் பொத்தான். விரல் தானாகவே போயிருக்கிறது.

"அண்ணி… அது பெரிய தாளு. ஃபைலுக்குள்ள அடங்கலை. நான்தான் சுருக்கி எடுத்தேன்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் பாலத்துக்குக் கீழே குதித்துவிடலாம். தண்ணீரும் முழங்கால் அளவுதான் இருந்தது.

"பேட்டர்ன் பேப்பரை யாராவது சுருக்குவாங்களா?" என்றார். குரல் உயரவில்லை. "பதினாலு வயசுப் பையன் சட்டையை ஏழு வயசுப் பையன் அளவுக்கு வெட்டின மாதிரி ஆச்சு. முப்பத்தஞ்சு கிலோமீட்டரை இருபத்துநாலரைன்னு நம்பி வந்திருக்கோம்."

"அண்ணி, நான்…"

"உன்னைச் சொல்லல. அளவெடுக்கறதுக்கு முன்னால அந்தக் கோட்டை நான் அளந்து பாத்திருக்கணும். மாஸ்டர்னு பேரு வச்சுக்கிட்டு." டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "காலைல உன்னை ஊர்ந்து வர்றேன்னு திட்டினேனே. நீ நல்லாத்தான் நடந்திருக்க. நாம ரெண்டு பேரும் நல்லாத்தான் நடந்திருக்கோம்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. திட்டை மொத்தமாக வாங்கத் தயாராக நின்றவளுக்குப் பாராட்டைக் கொடுத்தால் வேறு என்ன செய்வது?

மணி பதினொன்றே முக்கால். பதினெட்டு கிலோமீட்டர், ஆறே கால் மணி நேரம். அண்ணி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் கணக்கே போட வேண்டியிருக்காது, அங்கேயே முடிந்திருக்கும். எல்லாரும் கேலி செய்த அந்தத் தையலுக்கு விட்ட இரண்டு மணி நேரம்தான் இப்போது கையில் இருக்கிறது. "மதியச் சாப்பாடு நடந்துக்கிட்டே" என்று உத்தரவு போட்டுவிட்டு அண்ணி பாலத்தைத் தாண்டினார்.

ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்தபோது அண்ணனுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னார். அவன் ஏற்கெனவே கலங்கரை விளக்கத்துக்கு வந்து காத்திருந்தான். அவன் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்துவிட்டது. என் ஃபோன் முந்தின நாளே செத்துவிட்டது. கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் இருவருக்குமே இல்லை. அதன்பிறகு எங்களுக்கு மணி சொன்னது வெயில் மட்டும்தான்.

அந்த மதியத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். ரொட்டியைத் தொண்டையில் தண்ணீர் விட்டு இறக்கினோம். கொப்புளம் எப்போதோ உடைந்து சாக்ஸ் ஈரமாகியிருந்தது. ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டே நடந்தேன், நூறு வரைக்கும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. அண்ணியின் முழங்கால் பட்டை நழுவி நழுவி வந்தது, அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே போனார். ஒரு செங்குத்தான இறக்கத்தில் அவர் பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல ஒவ்வொரு காலாக இறங்கினார். முனகல் சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரும் அன்றைக்கு மதியம் ஒரு தடவைகூட என்னைத் திரும்பி 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. என் நடிப்பு அவ்வளவு பிரமாதம் என்று எனக்குள் ஒரு பெருமை.

பாதை ஓர் இடத்தில் தார்ரோட்டைக் குறுக்கே தாண்டிப் போகிறது. மரங்களை விட்டு வெளியே வந்தால், ரோட்டோரம் அண்ணன் ஓட்டும் பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் வேன், பக்கவாட்டுக் கதவு திறந்தபடி. உள்ளே நீளமான சீட்டு. அதன்மேல் வீட்டுத் தலையணை வேறு. நான் வாழ்க்கையில் எத்தனையோ அழகான காட்சிகளைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சீட்டுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

அண்ணன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "போதும் மாஸ்டர், ஏறுங்க ரெண்டு பேரும். மணி மூணு. இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கு, நடுவுல ஒரு மலை இருக்கு, கடைசில மணல் இருக்கு. உங்க மூஞ்சியைக் கண்ணாடில பாத்தீங்களா? நானே ஒரு நோட்டு வாங்கி, தோல் அட்டை போட்டு, உங்க பேரை எழுதி வீட்டுல மாட்டறேன். போதுமா?"

அண்ணி டீயை வாங்கிக் குடித்தார். வேனின் பக்கமே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?"

இதற்கு முன் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் ஏறலாம் என்றால் ஏறிவிடுவார். நிச்சயம் ஏறிவிடுவார், போன வருஷம் போலவே ஒரு வார்த்தை சொல்லாமல். வழியெல்லாம் எனக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டு வருவார். திங்கட்கிழமை மேசைக்கு முன்னால் போய் நின்று, யாரோ ஒரு பிள்ளைக்குக் காலர் வெட்டுவார். அடுத்த வருஷம் ஆபரேஷன். அவ்வளவுதான், முடிந்தது.

குதிகால் விண் விண் என்று தெறித்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று கேட்டால் தெரியாது. அந்தக் கொப்புளத்தின்மீது, ஜெராக்ஸ் மெஷின்மீது, அவ்வளவு மெத்தென்று இருந்த அந்தச் சீட்டின்மீது.

"அண்ணா, வண்டியைத் திருப்பு" என்றேன். "போய் அந்தக் கதவுகிட்ட நில்லு. புத்தகத்தை யாராவது மூட வந்தா குறுக்கே விழு. நாங்க நடந்து வர்றோம்."

அண்ணி டீ குவளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டினார். அவர் நடையில் ஒரு துள்ளல் வந்ததை நான் பார்த்தேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! அண்ணனின் கையில் வாட்ச் இருந்தது. அதைக் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடைசி மலை எங்களை இரக்கமில்லாமல் பிழிந்தெடுத்தது. பாதி ஏறியதும் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அண்ணி தன் கைத்தடியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். பிறகு அவருடைய முழங்கால் ஒரு படியில் ஏற மறுத்தது, நான் பின்னாலிருந்து தள்ளினேன். இழுத்தும் தள்ளியும் உச்சிக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் கடல். கடலோரத்தில் வெள்ளையாய், ஒரு சாக்பீஸ் துண்டு அளவுக்குக் கலங்கரை விளக்கம்.

"அதோ!" என்று அண்ணி கத்தினார். ஐம்பத்திரண்டு வயதில், கடையில் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறவர், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கடலைப் பார்த்து "வந்துட்டோம்டா!" என்று கத்தினார். நானும் கத்தினேன். யாரை 'டா' போட்டோம் என்று இன்றுவரை தெரியாது.

இறக்கத்தில் வெயில் மஞ்சளாகிவிட்டது. மணி ஐந்தா, ஐந்தரையா, ஆறே ஆகிவிட்டதா? மணலுக்கு வந்தபோது நிழல்கள் எங்களைவிட நாலு மடங்கு நீண்டிருந்தன. மணலில் கால் புதைகிறது, இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் போகிறது, கலங்கரை விளக்கமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. "ஆறு ஆயிருக்குமா?" என்று நான் கேட்டேன். "பேசாத, நட" என்றார்.

அரை கிலோமீட்டர் இருக்கும்போது அண்ணன் கண்ணில் பட்டான். கதவுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

"மூடறாங்க!" என்றேன்.

"ஓடு!" என்றார் அண்ணி.

ஓடினோம். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓடத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் எங்களுக்கு அது ஓட்டம். முதுகுப் பை இடுப்பில் இடிக்க, முழங்கால் பட்டை கணுக்காலுக்கு இறங்கி விசிற, என் குதிகால் எரிய, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினோம். அண்ணன் இன்னும் பலமாகக் கையை ஆட்டினான். நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம். படி ஏறி, அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு, கதவைத் தாண்டி உள்ளே போய் மேசையில் மோதி நின்றோம்.

உள்ளே பதிவேட்டுக்காரர் ஒருவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பது.

"ஏன்மா இப்படி ஓடி வர்றீங்க? இன்னும் இருபது நிமிஷம் இருக்கே" என்றார்.

பின்னாலேயே அண்ணன் மூச்சு வாங்க வந்தான். "மெதுவா வாங்க, மெதுவா வாங்கன்னு அத்தனை தடவை கைய ஆட்டறேன், ரெண்டும் அப்படி ஓடுதுங்க!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் அண்ணிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பதிவேட்டுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பயந்துபோய்ப் பார்த்தார். இருபது நிமிஷம்! ஆறு மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஓரத்தில் இருபது நிமிஷம் மிச்சம்.

நாங்கள் நீட்டிய முத்திரைச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவர் அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதை வாங்கி என் கையில் கொடுத்தார்.

"நீ எழுது. என் கை நிக்க மாட்டேங்குது. இது ஒண்ணாவது அழகா இருக்கட்டும்."

எத்தனை ஆயிரம் பெயர்கள் எழுதியிருப்பேன். ஒரு பெயரையும் அப்படி எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்தாக, சுழியும் கொம்பும் சரியாக வர, மை கொட்டாமல், அண்ணியின் பெயரை முழுசாக எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் கட்டிங் மாஸ்டர் என்று எழுதினேன். அண்ணி குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தொடப் போய், மை ஈரமாக இருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "உன் பேரை நான் எழுதறேன்." துணியில் சாக்பீஸ் போடுகிற மாதிரி பெரிது பெரிதாக எழுதினார். இரண்டு வரியையும் தாண்டி மூன்றாவது வரிக்குக் கால் நீட்டிக்கொண்டு நின்றது என் பெயர். என் அலுவலகத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் தொலைத்துக் கட்டியிருப்பேன். அன்றைக்கு அதைவிட நல்ல கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து கடலைப் பார்த்த படியில் நான் தொப்பென்று விழுந்தேன். அண்ணி கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த இடது ஷூவைக் கழட்டு" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? காலைலருந்து உன் இடது தோள் இறங்கிக்கிட்டே வருது. மத்தியானம் அரை இஞ்ச். அந்த வேன்கிட்ட நிக்கும்போது முழுசா ஒரு இஞ்ச்."

நான் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தேன். "தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ உக்காந்திருப்ப. நீ உக்காந்திருந்தா நானும் உக்காந்திருப்பேன்." ஷூ நாடாவை அவரே குனிந்து அவிழ்த்தார். சாக்ஸைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "வண்டியைத் திருப்புன்னு நீ சொன்னப்பவே எழுதியாச்சுடி என் பேர். அந்தப் புத்தகத்துல எழுதினதெல்லாம் நகல்தான்."

அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். எந்தத் தோள் எவ்வளவு இறங்கியது என்று அவர் அப்போது அளக்கவில்லை.

அண்ணன் வேன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றான். "சரி, கிளம்பலாமா?"

அண்ணி எழப் பார்த்தார். முடியவில்லை. நான் எழப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை.

"என்னங்க," என்றார் அண்ணி, ஒரு ராணி மாதிரி கையை நீட்டி, "தூக்கிவிட ஒரு ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்ல? ரெண்டு பேரா வாங்க."

அண்ணன் உள்ளே போய்ப் பதிவேட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.